குளிர் குடியிருந்த மனை

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது எம்மவர் முதுமொழி. கட்டுவதிலுள்ள தொல்லையை எடுத்துரைத்த முன்னோர், பிறர் கட்டிய வீட்டை வாங்குவதிலுள்ள தொல்லையைப் பற்றி அதிகம் சொல்லிச் சென்றாரில்லை. அவர்கள் காலத்தில் வீடு வாங்குவோன் பெரும்பாலும் அதே ஊரவனாகவோ அயலூரவனாகவோ இருந்தான். மண்ணின் தன்மையும், கிணற்று நீரின் சுவையும், காற்று வரும் திசையும் அவனுக்குத் தெரிந்திருந்தன. இன்றோ எமது உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் தூர தேசங்களுக்குச் சென்று, தாம் பிறந்து வளர்ந்த காலநிலைக்கு முற்றும் மாறான காலநிலையில், வாழ்நாட் சம்பாத்தியத்தைக் கொடுத்து வீடு வாங்குகின்றனர். பணம் போதாதவிடத்து, ஊரிலுள்ள வளவை விற்று அனுப்பும்படி கேட்கின்றனர். ஆகவே, இலண்டன் மாநகரத்துச் சுவரொன்றின் தடிப்பு யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் கவலையாகவும் ஆகிவிடுகின்றது.

அத்தகைய கவலை ஒன்றின் பொருட்டே 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நான் இலண்டனுக்குச் சென்றிருந்தேன். என் தங்கையும் அவள் கணவரும் பதினொரு ஆண்டுகளாக அங்கே வாடகை வீட்டில் வாழ்ந்து வருபவர்கள். அவள் வைத்தியசாலை ஒன்றில் இரவு வேலை செய்கின்றாள். அவருக்குக் களஞ்சியம் ஒன்றிலே பகல் வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. “அண்ணா, எங்களுக்கு எட்டக்கூடிய விலையில் ஒரு மனை வந்திருக்கிறது. ஊர்க் காணியை விற்றால் முற்பணம் சரிவரும். ஆனால், அது குளிரான மனை என்று பலரும் சொல்கிறார்கள். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கோ” என்று தங்கை தொலைபேசியிற் கேட்டிருந்தாள். ஊர்க் காணி என்று அவள் குறித்தது, எங்கள் தாயார் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த நான்கு பரப்பு நிலம். அதில் மூன்று மாமரங்களும், அயலவருடன் சேர்ந்து ஒரு கிணற்றுப் பங்கும் உண்டு.

வெயிலுக்கு அஞ்சிய வீடும் குளிருக்கு அஞ்சாத வீடும்

யாழ்ப்பாணத்து வீட்டின் இலக்கணம் யாது? நடுவிலே முற்றம் திறந்த நாற்சார் வீடாயினும், கிடுகு வேய்ந்த மண் வீடாயினும், அது வெயிலுக்கு அஞ்சிக் கட்டப்பட்டதே. உயர்ந்த கூரை சூட்டை மேலே ஏற்றிவிடுகின்றது. விறாந்தை வெயிலைச் சுவரில் விழாமல் தடுக்கின்றது. எதிரெதிராக வைத்த யன்னல்கள் காற்றை உள்ளே அழைத்து உலாவ விடுகின்றன. எங்களுக்குக் காற்று விருந்தாளி. அதை வரவேற்காத வீட்டைப் ‘புழுக்கமான வீடு’ என்று பழிக்கிறோம்.

இலண்டன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 51½ பாகையில் உள்ளது. யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் உட்பட்டது. மார்கழியில் அங்கே பகற்பொழுது 8 மணித்தியாலந்தானும் நீடிப்பதில்லை. மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகின்றான். ஐப்பசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை வீட்டுக்குச் சூடேற்றாமல் வாழ்தல் அரிது. அங்கே உள்ளே வரும் காற்று விருந்தாளியன்று. நாம் காசு கொடுத்து வாங்கிய சூட்டைக் களவாடிச் செல்லும் கள்வன். இதை நன்குணர்ந்தவர்கள் கட்டிய வீடுகள் எல்லாம் குளிருக்கு அரணாகவே இருக்குமென்று நாம் எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வாறில்லை.

என் தங்கை வாழும் ரூட்டிங் என்னும் பகுதி மாநகரின் தென்மேற்கே உள்ளது. நிலக்கீழ்ப் புகையிரதத்தில் இருந்து ரூட்டிங் புறோட்வே நிலையத்தில் ஏறி வெளியே வந்தால், யாரும் வெளிநாட்டில் நிற்பதாகச் சட்டென்று நினைக்கமாட்டார்கள். முருங்கைக்காயும் மரவள்ளிக் கிழங்கும் ஒடியல் மாவும் கடைகளில் விற்கின்றார்கள். மேல் ரூட்டிங் வீதியிலே முத்துமாரி அம்மன் கோயில் இருக்கின்றது. பெருவீதியை விட்டுக் கிளைத் தெருக்களில் நுழைந்ததும் காட்சி மாறுகின்றது. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செங்கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டி, தெருவின் முடிவு வரை வரிசையாக நிற்கின்றன. முன்புறத்தே புடைத்து நிற்கும் பெரிய யன்னல். மேலே கூட்டங்கூட்டமாகப் புகைபோக்கிகள்.

இவ்வீடுகளிற் பல 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவை. 1903ஆம் ஆண்டில் மின்சார ட்ராம் வண்டி வெஸ்ற்மினிஸ்ரரிலிருந்து ரூட்டிங் வரை ஓடத் தொடங்கியது. 1926இல் நிலக்கீழ்ப் பாதையும் வந்தது. வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் இங்கே குடியேறின. அக்காலத்தில் ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டைப் பிற்காலத்தார் இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துத் தனித்தனி மனைகளாக்கி விற்றனர். எங்கள் கவனத்துக்கு வந்த மனையும் அத்தகையதே. கூரைக்கு நேர்கீழே அமைந்த மேல்மாடி.

பகலில் ஒரு பார்வை

முதல் நாள் தரகர் காட்டிய மனை, சொல்லப்போனால், மனத்தைக் கவர்வதாகவே இருந்தது. பத்தடி உயரமான அறைகள்; சலவைக்கல் பதித்த பழைய கணப்பு; நல்ல மரத் தரை; மூன்று அறைகள். அதே தெருவில் விற்பனைக்கு இருந்த வேறொரு மனையிலும் பார்க்க 30,000 பவுண் குறைந்த விலை. மைத்துனரின் முகத்திலே மகிழ்ச்சி தெரிந்தது. நாங்கள் சென்றபோது அறைகள் இதமான சூட்டோடு இருந்தன. சூடேற்றும் பெட்டிகள் யாவும் காலையிலிருந்தே முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தமையைப் பின்னரே கவனித்தோம்.

தங்கை மட்டும் ஒன்றும் பேசாது யன்னலோரத்துச் சுவரருகே சென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். “அண்ணா, இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கோ” என்றாள். தொட்டேன். அறையிலே சூடு, சுவரிலோ இரவு முழுவதும் முற்றத்தில் வைத்திருந்த குடத்தின் குளிர்ச்சி. அலுமாரி ஒன்றைச் சற்று நகர்த்திப் பார்த்தபோது அதன் பின்புறத்து மூலையில் மாத்திரம் புதுச் சாயத்தின் மணம் வீசியது. வீடு முழுவதும் பழைய சாயமாயிருக்க, ஒரு மூலைக்கு மட்டும் புதுச் சாயம் பூசுவானேன்? பூஞ்சணத்தை மறைப்பதற்கே என்று ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் வீடு விற்போர் ஆற்றற் சான்றிதழ் ஒன்றைக் காட்டவேண்டும் என்பது 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதி. ஏ என்னும் எழுத்து மிகச் சிறந்த தரத்தையும் ஜீ என்னும் எழுத்துக் கடைத் தரத்தையும் குறிக்கும். சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். இந்த மனையின் தரம் எஃப். அதாவது, கடைசிக்கு முந்தியது. இதிலே வாங்குவோர் அறியவேண்டிய ஒரு நுட்பமும் உண்டு. 2018 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 முதல் ஏற்கெனவே நடந்துவந்த வாடகைகளுக்கும், ஈ தரத்துக்குக் கீழ்ப்பட்ட மனைகளை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாடகைக்கு விடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆனால், விற்பதற்குத் தடையில்லை. வாடகைக்கு விடமுடியாத குளிர்மனை சந்தைக்கு வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்றாகலாம். அதனை வாங்குவோர், பிற்காலத்தில் வேறிடம் செல்ல நேர்ந்தால், தாமும் வாடகைக்கு விடமுடியாமல் நிற்க நேரும்.

கரிக்காகக் கட்டிய வீடு

இத்தகைய அழகிய வீட்டைக் கட்டியோர் குளிரை மறந்தது எவ்வாறு? அவர்கள் மறக்கவில்லை, அவர்களிடம் நிலக்கரி இருந்தது. அறைதோறும் ஒரு கணப்பு. கணப்புத்தோறும் ஒரு புகைபோக்கி. நெருப்பு எரியக் காற்று வேண்டும். ஆகவே யன்னல் இடுக்குகளாலும் தரைப்பலகை இடைவெளிகளாலும் காற்று நுழைவது அக்காலத்துக்குக் குறையன்று, தேவையே. நெருப்பின் சூட்டிற் பெரும்பகுதி புகையோடு வானத்துக்குப் போயிற்று. கரி மலிவாயிருந்த காலத்தில் அதைப் பற்றி எவரும் அதிகம் வருந்தவில்லை.

1952ஆம் ஆண்டு மார்கழி 5ஆந் திகதி தொடங்கி ஐந்து நாட்கள் இலண்டன் மாநகரைப் புகைமூட்டம் கவிந்துகொண்டது. அதனால் இறந்தோர் 4,000 பேர் என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வாளர் சிலர் 12,000 வரை கணக்கிட்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகைக்கும் கரியை எரித்தல் பகுதி பகுதியாகத் தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் வாயுவும் அதன் இடத்தைப் பிடித்தன. நெருப்புப் போயிற்று, நெருப்புக்காகக் கட்டிய வீடு மட்டும் அப்படியே நின்றது. இங்கிலாந்திலுள்ள வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு 1919க்கு முன் கட்டப்பட்டவை என்பதை நினைத்தால், இஃது ஒரு தெருவின் கதையன்று என்பது புலனாகும்.

சுவரின் உள்ளமைப்பையும் சிறிது நோக்குவோம். பிற்காலத்து வீடுகளின் வெளிச்சுவர் இரட்டைச் சுவர். நடுவே இடைவெளி உண்டு. அந்த இடைவெளியிற் பஞ்சு போன்ற காப்புப் பொருளை நிரப்பிவிடலாம். பழைய வீட்டுக்கோ ஒரே சுவர்; ஒரு செங்கல்லின் நீளமே அதன் தடிப்பு, ஏறக்குறைய ஒன்பது அங்குலம். நிரப்புவதற்கு இடமில்லை. காப்பு வேண்டுமாயின் வெளியே போர்த்தவேண்டும், அல்லது உள்ளே பலகை வைத்து மூடவேண்டும்.

ஒரு சிறு கணக்கு

வகுப்பறைப் பழக்கம் விடாதாகையால், அன்றிரவு தங்கையின் குசினி மேசையிலிருந்து ஒரு கணக்குப் போட்டேன். சூடு எப்பொழுதும் வெப்பமான பக்கத்திலிருந்து குளிரான பக்கத்துக்கே செல்லும். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு அதன் ஓட்டமும் பெருகும். பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர் வெப்பத்தைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதி இது. ஒன்பதங்குலச் செங்கற் சுவரின் ஒரு சதுர மீற்றர் பரப்பு, ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 2 வாற்றுச் சூட்டை வெளியே விடும். ஒற்றைக் கண்ணாடி யன்னல் ஏறக்குறைய 5 வாற்று விடும்.

அறையின் வெளிச்சுவர் 20 சதுர மீற்றர். யன்னல் 4 சதுர மீற்றர். உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை என்று கொள்வோம். வித்தியாசம் 15 பாகை. சுவரால் 600 வாற்றும் யன்னலால் 300 வாற்றுமாக 900 வாற்று ஓயாமல் ஒழுகுகின்றது. பத்து மணித்தியாலத்தில் 9 அலகு. அம்மனையில் வாயு இணைப்பு இல்லை; சூடேற்றல் முழுவதும் மின்சாரத்தாலேயே. நான் சென்ற காலத்தில் மின்சாரம் அலகொன்றுக்கு ஏறக்குறைய 25 பென்ஸ். ஆகவே ஒரு நாளைக்கு 2 பவுண் 25 பென்ஸ்; மாதத்துக்கு 67 பவுணுக்கு மேல். இது ஓர் அறையின் சுவருக்கும் யன்னலுக்கும் மட்டுமான கணக்கு. கூரையால் ஏறிப்போவதையும் இடுக்குகளால் ஓடிப்போவதையும் நான் சேர்க்கவில்லை. மூன்று அறைகளையும் சூடேற்ற முனைந்தால் 200 பவுணைத் தாண்டிவிடும். வாயு அலகொன்றின் விலை அப்பொழுது 6 பென்சுக்குச் சற்று மேல். வாயு இணைப்பு இருந்திருந்தால் இதே சூட்டை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவிற் பெற்றிருக்கலாம். இரவில் 7 மணித்தியாலம் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு செங்கல்லைச் சூடாக்கிச் சேமித்துவைக்கும் பெட்டிகளும் உண்டு. ஆயினும், காலையில் நிறைந்திருக்கும் அச்சூடு, பிள்ளை பாடசாலையிலிருந்து திரும்பும் மாலையில் வடிந்துபோகின்றது என்று அவற்றைப் பாவிப்போர் குறைகூறுகின்றனர்.

மைத்துனர் கணக்கைப் பொறுமையுடன் பார்த்தார். “அத்தான், நீங்கள் சொல்வது சரி. ஆனால், நாங்கள் கொடுக்கும் வாடகை ஓட்டைக் குடத்தில் வார்க்கும் தண்ணீரல்லவோ? பதினொரு வருடம் வார்த்துவிட்டோம். 30,000 பவுண் குறைவென்றால், குளிருக்குக் கொடுக்கும் காசைப் பல வருடங்களுக்கு அதிலேயே எடுத்துக்கொள்ளலாமே” என்றார். அவருடைய வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. வருடத்திற் குளிர்மாதங்கள் ஆறு. ஆறு மாதத்துக்கு 1,200 பவுண் மேலதிகம் என்றே வைத்தாலும், 30,000 பவுண் இருபத்தைந்து வருடத்துக்குப் போதும். காசுக் கணக்கு மட்டுமே தீர்ப்புச் சொல்வதாயின் மனையை வாங்கலாம் என்றே முடியும். ஆனால், 2022இல் எரிபொருள் விலை எவ்வாறு ஏறியது என்பதை அவரே கண்டவர். அரசாங்கம் தலையிட்டு நிறுத்திவைத்த பின்னரும், சாதாரண குடும்பம் ஒன்றின் வருடச் செலவு 2,500 பவுண் என்ற அளவில் இருந்தது. ஒழுகும் வீட்டுக்காரனுக்கு விலையேற்றத்தின் அடி இரட்டிப்பாக விழும்.

அன்றியும், காசாற் கணக்கிட முடியாத ஒன்றும் இருந்தது.

புட்டு அவிக்கும் ஆவி

எங்கள் சமையல் ஆவிச் சமையல். சோறு வடிக்கின்றோம், புட்டும் இடியப்பமும் அவிக்கின்றோம். ஊரிலே அந்த ஆவி குசினி யன்னலால் வெளியே போய்விடுகின்றது. இலண்டனிலோ குளிருக்கு அஞ்சி யன்னல்களை அடைத்துவைக்கின்றனர். தோய்த்த உடுப்புகளையும் வீட்டினுள்ளேயே காயப்போடுகின்றனர். 20 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேலேயே தாங்கும். சூடான அறையின் ஆவி குளிர்ந்த சுவரை அணுகியதும் எஞ்சியதை நீராக அங்கே விட்டுவிடுகின்றது. அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அருகிலும் காற்றோட்டம் இல்லாத மூலைகளில் அந்த ஈரத்திலே பூஞ்சணம் கருமையாகப் படர்கின்றது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பகை.

வீட்டினுள் வெப்பம் 18 பாகைக்குக் குறையாதிருத்தல் நலம் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின் கருத்து. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதனினும் சற்று மிகுதியாக வேண்டியிருக்கலாம். தங்கையின் குழந்தைக்கோ குளிர்காலந்தோறும் இருமல் வருவது வழக்கம். மூன்று அறை மனையை வாங்கிவிட்டு, செலவுக்கு அஞ்சி ஓர் அறையை மட்டும் சூடாக்கி அதற்குள்ளே ஒடுங்கினால், மற்ற இரண்டு அறைகளையும் யாருக்காக வாங்கினோம்?

இரவில் ஒரு பார்வை

பகலில் ஒருமுறை பார்த்த வீட்டை இரவில் இன்னொருமுறை பார்க்கவேண்டுமென்று நான் வற்புறுத்தினேன். நான்கு நாட்களின் பின் ஒரு மாலை, இருட்டியபின் சென்றோம். மைத்துனர் சிறு வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆளில்லாத மனையில் அது 9 பாகை காட்டியது. பெட்டிகளை ஏற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். 12 பாகைக்கு மேல் ஏறவில்லை. யன்னற் சட்டத்தருகே பிடித்த கைக்குட்டை மெல்ல அசைந்தது.

கீழ்த்தளத்தில் வாழும் முதிய ஆங்கிலப் பெண்மணி எங்களைக் கண்டு தேநீருக்கு அழைத்தார். அவருடைய கதவின் அடியிலே மணல் நிரப்பித் தைத்த நீண்ட துணிச்சுருள் ஒன்று பாம்பு போலக் கிடந்தது. கதவின் கீழ்வரும் கூதற்காற்றைத் தடுப்பதற்காம். “மார்கழி முதல் மாசி வரை நான் இந்த ஓர் அறையிலேதான் குடியிருக்கிறேன். மற்ற அறைகளிற் குளிர் குடியிருக்கிறது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவர் சொன்ன வேறொரு விஷயமே எங்கள் சிந்தனையைத் திருப்பியது. யன்னல்களை மாற்ற அவர் பலமுறை அனுமதி கேட்டும் நிலச்சொந்தக்காரரான கம்பெனி மறுத்துவிட்டதாம்.

சுவர் யாருடையது?

யாழ்ப்பாணத்து உறுதிகளை வாசித்தவர்கள் அறிவார்கள்: நிலத்தின் எல்லைகளைச் சொன்னபின், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். எது எமது, எது பொது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இங்கிலாந்திலே மனை வாங்குவோர் பெரும்பாலும் வாங்குவது அறுதியன்று, நீண்டகாலக் குத்தகையே. நிலமும் கட்டிடத்தின் வெளிப்புறமும் நிலச்சொந்தக்காரருக்கு உரியவை. வெளிச்சுவர், கூரை, பல இடங்களில் யன்னற் சட்டமுங்கூட வாங்குவோனுக்குச் சொந்தமில்லை.

மறுநாள் குத்தகைப் பத்திரத்தின் பிரதியைப் பெற்று, வரிவரியாக வாசித்தோம். எங்கள் பணம் முழுவதையும் கொடுத்தாலும் எமக்கு வருவது சுவரின் உட்புறத்துச் சாந்து, தரைப்பலகை, உள்யன்னற் கண்ணாடி ஆகியவையே. மேலே கூரையினுட் புறமும் எமதன்று. வெப்பக் காப்பு வேலைகளில் மிகவும் மலிவானது கூரையினுள்ளே பஞ்சு விரிப்பது. 270 மில்லிமீற்றர் தடிப்புக்கு விரிக்கும்படி அங்கே பரிந்துரைக்கின்றனர். மேல்மாடி மனைக்கு அதனினும் சிறந்த மருந்தில்லை. அந்த மருந்தே எங்கள் கைக்கு எட்டாது.

அப்பொழுது ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தோம். இடப்பக்கத்தில் நம் கையாற் செய்யக்கூடியவை: தடித்த திரைச்சீலை, இடுக்குகளை அடைத்தல், யன்னலின் உட்புறத்தே இரண்டாவது கண்ணாடி பொருத்துதல், ஆவியை வெளியேற்றும் விசிறி. அனுமதி கிடைத்தாற் சுவரின் உட்புறம் காப்புப் பலகை வைத்தலையும் சேர்க்கலாம். அதனால் அறை சில அங்குலம் ஒடுங்கும். வேலையைச் செவ்வையாகச் செய்யாவிடின் பலகைக்குப் பின்னால் ஈரம் தேங்கும். செய்தாலோ 600 வாற்று இழப்பு 100 வாற்றுக்குங் குறையும். வலப்பக்கத்தில் நம்மால் இயலாதவை: கூரைக் காப்பு, யன்னற் சட்டம், வெளிச்சுவர்ப் போர்வை, வாயுக் குழாய். இடப்பக்கம் நீண்டிருந்தது, ஆனால் பாரமானவை பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே இருந்தன.

எங்கள் வாதங்கள் அத்துடன் முடிவுக்கு வந்தன. குளிரான வீடு எல்லாமே விலக்கத்தக்கதென்று நான் சொல்லமாட்டேன். வாங்குவோன் தன் கையால் மாற்றக்கூடிய குளிர் ஒன்று. இன்னொருவன் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டிய குளிர் வேறொன்று. முன்னையதன் விலை தெரிந்தது. அதை மனையின் விலையிற் கழித்துப் பேரம் பேசலாம். பின்னையதற்கு விலையே இல்லை. குத்தகை முடியுமட்டும் அதனுடன் வாழவேண்டியதுதான்.

ஆயினும் முயற்சியைக் கைவிடாது, கூரையினுள்ளே எங்கள் செலவிற் காப்பு இடவும் யன்னல்களை மாற்றவும் எழுத்தில் அனுமதி தரமுடியுமா என்று சட்டத்தரணி மூலம் கேட்டோம். நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாளின் முன் மறுமொழி வந்தது. இரண்டுக்கும் இல்லை என்பதே அது. மைத்துனர் கடிதத்தை மடித்து வைத்தார். “மூன்று அறை கிடைக்குமென்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தேன்” என்று மட்டும் கூறினார். சட்டத்தரணிக்கும் பரிசோதனைக்கும் கொடுத்த சில நூறு பவுண் போனது போனதே. எனினும், அது விலையன்று. காப்புறுதிப் பணம் என்றே நான் அவருக்குச் சொன்னேன்.

பங்குனி மாதத்திலே தங்கை தொலைபேசியிற் பேசினாள். அதே பகுதியில், 1960களிலே கட்டிய தொடர்மாடி ஒன்றின் இரண்டாம் மாடியில், இரண்டே அறைகள் கொண்ட மனைக்கு விலை பேசி முடித்துவிட்டார்களாம். சலவைக்கற் கணப்பு இல்லை. உயர்ந்த முகடு இல்லை. வெளித்தோற்றம் பெட்டி அடுக்கியதுபோல இருக்கிறதாம். ஆனால் இரட்டைச் சுவர், இடைவெளி நிரப்பப்பட்டது. மேலும் கீழும் இரு புறமும் குடும்பங்கள் வாழ்வதால், வெளிக்காற்றைத் தொடும் சுவர் இரண்டே. அயலவர் எரிக்கும் சூடு எங்கள் பக்கமும் சிறிது காவலாகின்றது. “இரவில் போய்ப் பார்த்தோம், அண்ணா. சுவரைத் தொட்டேன், குளிரவில்லை” என்றாள். அறை ஒன்று குறைந்தமையால் முற்பணத்துக்கு அவர்கள் சேமிப்பே போதுமாயிற்று. நான்கு பரப்பு நிலமும் மாமரங்களும் இப்போதைக்கு அவள் பெயரிலேயே இருக்கின்றன.

வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்து இத்தகைய கேள்வி இவ்வாசகர்களிற் பலருக்கும் வரும். காணியை விற்பதற்குக் கையொப்பமிடுமுன், நாம் ஊரிலிருந்தே கேட்கக்கூடிய கேள்விகள் சில உள. வெளிச்சுவர் ஒற்றையா, இரட்டையா? சூடேற்றுவது வாயுவா, மின்சாரமா? ஆற்றற் சான்றிதழின் எழுத்து எது? மேலே இருப்பது இன்னொரு குடும்பமா, வெறுங் கூரையா? இருட்டியபின் போய்ப் பார்த்தீர்களா? இவையெல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சுவரும் யன்னலும் கூரையும் யாருடையவை என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது? இக்கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்குமட்டும், விலை எவ்வளவு குறைந்ததாயினும், ஊர்க் காணியின் உறுதி அலுமாரிக்குள்ளேயே இருப்பது நன்று.